45–3 (32): ஒரு குத்துச்சண்டை வீரரின் கணக்கை எப்படிப் படிப்பது?

குத்துச்சண்டைச் செய்தி எதை எடுத்தாலும் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். 45–3 (32) என்பதுபோல. புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவருக்கு இது பஸ் நம்பர் மாதிரித் தெரியலாம். விஷயம் சுலபம்தான். 45 சண்டையில் வெற்றி, 3-இல் தோல்வி, வென்றவற்றில் 32 நாக் அவுட். சமனில் முடிந்த சண்டை ஏதாவது இருந்தால் மூன்றாவதாக இன்னோர் எண் சேரும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். இதை எவ்வளவு நம்புவது என்று தெரிந்துகொள்ளத்தான் கொஞ்ச நாள் ஆகும். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேனின் சராசரி 50 என்றால், எந்தப் பந்துவீச்சாளரைச் சந்திப்பது என்று அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. போர்டு அட்டவணை போடும், அவர் போய் ஆட வேண்டும். தொழில்முறை குத்துச்சண்டையில் அட்டவணையே கிடையாது. யாரோடு மோதுவது, எப்போது, எந்த ஊரில், எந்த எடையில், யாருக்கு எவ்வளவு பணம் என்று ஒவ்வொரு சண்டையும் தனித்தனியாகப் பேசி முடிக்கப்படுகிறது. கிட்டத்தட்ட சம்பந்தம் பேசுவது மாதிரி. அதனால் அந்த 45-இல் எத்தனை ரிங்கில் சம்பாதித்தவை, எத்தனை பேச்சுவார்த்தை மேசையில் சம்பாதித்தவை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மேலே சொன்ன கணக்கு நிஜமானது. மான்செஸ்டர் பக்கத்து வீரர் ரிக்கி ஹேட்டனுடையது. பிரிட்டனில் ஒரு தொழில்முறை வீரரின் பயணம் எப்படி நகர்கிறது என்று காட்ட அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. வேல்ஸ் நாட்டு ஜோ கால்சாகி 46–0 என்று ஒரு தோல்விகூட இல்லாமல் ஓய்வுபெற்றார். ஆனால் தோல்வியே இல்லாத கணக்கில் பாடம் நடத்த அதிகம் கிடைக்காது.

டிக்கெட் விற்பவரும், தோற்கத் தெரிந்தவரும்

ஹேட்டன் 1978 அக்டோபர் 6 அன்று ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். வளர்ந்தது ஹைட் ஊரை ஒட்டிய ஹேட்டர்ஸ்லி குடியிருப்பில். வீட்டில் பப் நடத்தினார்கள், அப்புறம் தரைவிரிப்பு வியாபாரம். 1996-இல் கியூபாவின் ஹவானாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அதுவரை அமெச்சூர். அங்கே குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோத வேண்டும். நாள் தள்ளிப்போட முடியாது, ஆளை மாற்ற முடியாது.

1997 செப்டம்பரில், 18 வயதில், விட்னஸ் ஊரின் விளையாட்டு அரங்கு ஒன்றில் காசுக்கான முதல் சண்டை. அன்று முதல் குலுக்கல் கிடையாது. புரமோட்டர் நிகழ்ச்சியை நடத்துவார், பணம் போடுவார். மேட்ச்மேக்கர் என்று ஒருவர் யாருக்கு யார் ஜோடி என்று பார்ப்பார். ஹேட்டனுக்குப் பின்னால் அப்போது பிரிட்டனின் பெரிய புரமோட்டர்களில் ஒருவரான ஃபிராங்க் வாரன் இருந்தார். அதனால் அதே ஆண்டு டிசம்பரிலேயே, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பிரிட்டனின் நட்சத்திர வீரர் நசீம் ஹமீது மோதிய இரவில், ஆரம்பச் சண்டைகளில் ஒன்றில் இவருக்கும் இடம் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது.

பெரும்பாலானவர்களுக்கு நடப்பது வேறு. பிரிட்டனின் சின்ன அரங்குச் சண்டைகளில் உள்ளூர்ப் பையன் கையில் ஒரு கத்தை டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவன் தெருவிலும் பப்பிலும் வேலை செய்யும் இடத்திலும் விற்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் எதிராளியின் கூலி போக வேண்டும், மீதியில் அவனுக்குப் பங்கு. இப்போது யோசித்துப் பாருங்கள். டிக்கெட் விற்கிற பையன் தோற்றுவிட்டால் அடுத்த முறை யார் வாங்குவார்கள்? அதனால் அவன் தோற்காமல் இருப்பதில் அந்த அரங்கில் உள்ள பலருக்கும் அக்கறை இருக்கிறது.

இங்கேதான் ஜர்னிமேன் என்ற ஆள் வருகிறார். வெளியூரிலிருந்து வேனில் வந்து, நாலு ரவுண்ட் சண்டை போட்டு, பாயின்ட்ஸில் தோற்று, கூலி வாங்கிக்கொண்டு போகிறவர். இதை மோசடி என்று நினைக்க வேண்டாம். இது ஒரு தொழில், அதில் தேர்ச்சி வேண்டும். பர்மிங்காமைச் சேர்ந்த பீட்டர் பக்லியின் கணக்கைப் பாருங்கள்: 300 சண்டை, 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமன். 1989 முதல் 2008 வரை. நசீம் ஹமீது வளர்ந்து வந்த காலத்தில் அவரோடு இரண்டு முறை மோதியவர். 256 முறை தோற்ற ஆளை எதற்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்? நம்பி அழைக்கலாம் என்பதால். வாரக் கடைசியில் ஆள் கிடைக்கவில்லை என்றால் போன் போட்டால் வருவார், சரியான எடையில் வருவார், சின்னப் பையனுக்கு ஏதாவது கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். நாக் அவுட் ஆகாமல் பார்த்துக்கொள்வது அவருடைய முதல் வேலை. பிரிட்டனில் நாக் அவுட் ஆனால் மருத்துவக் காரணத்துக்காகச் சில வாரம் கட்டாய ஓய்வு. ஓய்வென்றால் அடுத்த வாரக் கூலி போச்சு. எனக்கு உலக சாம்பியன்கள் பலரைவிட பக்லியைப் பிடிக்கும். 300-ஆவது சண்டையில், சொந்த ஊரில், ஜெயித்துவிட்டு நிறுத்தினார்.

ஆக, புதிதாக ஒரு வீரரைப் பார்க்கும்போது 12–0 என்று இருந்தால் உடனே வாயைப் பிளக்க வேண்டாம். அவர் ஜெயித்த 12 பேரின் கணக்கையும் பாருங்கள். பாதிப் பேர் பக்லி வகையாக இருந்தால், அந்தப் பையன் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான் என்று அர்த்தம்.

படிக்கட்டு

பிரிட்டனில் இந்த விளையாட்டுக்கு ஒரு பழைய படிக்கட்டு உண்டு. 1929-இல் உருவான பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம்தான் வீரர், பயிற்சியாளர், புரமோட்டர், நடுவர் என்று எல்லாருக்கும் உரிமம் தருகிறது. முதலில் வட்டாரப் பட்டம். அதற்கு மேலே பிரிட்டிஷ் பட்டம், காமன்வெல்த் பட்டம், ஐரோப்பியப் பட்டம். உச்சியில் உலகப் பட்டம். பிரிட்டிஷ் சாம்பியனுக்குக் கிடைப்பது லான்ஸ்டேல் பெல்ட். 1909-இல் தொடங்கிய வழக்கம். உலகப் பட்டம் வென்றவர்கள்கூட அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். அதைக் குறிப்பிட்ட தடவை காப்பாற்றிக்கொண்டவருக்கு பெல்ட்டே சொந்தமாகிவிடும்.

ஹேட்டன் 2000 அக்டோபரில் லண்டன் வெம்பிளியில் ஜான் தாக்ஸ்டனை வென்று பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவர் கணக்கில் கவனிக்க வேண்டிய முதல் சண்டை இதுதான் என்பேன். முதல் ரவுண்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணுக்கு மேலே தோல் கிழிந்துவிட்டது. புருவ எலும்புக்கு மேலே தோல் மெல்லியது, கிளவுஸ் உரசினாலே சிலருக்குப் பிளந்துகொள்ளும். ஹேட்டனுக்கு அந்த வகைத் தோல். ரத்தம் கண்ணுக்குள் இறங்கினால் எதிராளியின் கை வருவது தெரியாது. நடுவர் சண்டையை நிறுத்திவிடலாம். குத்தினால் வந்த காயம் என்றால் நிறுத்தியதும் தோல்விதான்.

இதற்கென்றே மூலையில் ஓர் ஆள் இருப்பார், கட்மேன் என்பார்கள். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே கிடைப்பது 60 நொடி. வீரர் ஸ்டூலில் உட்காரவும் எழவும் போக முக்கால் நிமிடம்கூட மிஞ்சாது. அதற்குள் ரத்தத்தைத் துடைத்து, அட்ரினலின் நனைத்த பஞ்சுக் குச்சியைக் காயத்துக்குள் வைத்து அழுத்திப் பிடித்து, ரத்தக் குழாய் சுருங்கியதும் மேலே வாசலின் பூசி அனுப்ப வேண்டும். மூன்று நிமிடத்தில் காயம் திரும்பத் திறக்கும். அந்த இரவு இதைப் பதினோரு முறை செய்ய வேண்டியிருந்தது. ஹேட்டன் 12 ரவுண்டும் தாக்குப்பிடித்துப் பாயின்ட்ஸில் வென்றார். கணக்கில் இது வெறும் இன்னொரு வெற்றி. நாக் அவுட் அடைப்புக்குறிக்குள்கூட வராது.

உலக சாம்பியன் எத்தனை பேர்?

புதிதாக வருபவர்கள் தலை சுற்றி நிற்பது இந்த இடத்தில்தான். ஒரே எடைப் பிரிவில் ஒரே நேரத்தில் நாலு உலக சாம்பியன்கள் இருக்கலாம். காரணம், உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்பு ஒன்றல்ல. டபிள்யூ.பி.ஏ. மூத்தது, 1921-இல் அமெரிக்காவில் வேறு பெயரில் தொடங்கியது. 1963-இல் டபிள்யூ.பி.சி., 1983-இல் ஐ.பி.எஃப்., 1988-இல் டபிள்யூ.பி.ஓ. நாலும் தனித்தனிக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தரவரிசை, தனி விதி, தனி பெல்ட். பட்டத்துக்கான சண்டை நடந்தால் அதில் அமைப்புக்குக் கட்டணம் உண்டு. பட்டம் அதிகமானால் கட்டணமும் அதிகம். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இந்த நாலுக்கும் கீழே இன்னும் சின்னக் கடைகள் உண்டு. அதில் ஒன்று டபிள்யூ.பி.யூ. 2001-இல் ஹேட்டன் வென்றது அந்த பெல்ட்டைத்தான். அடுத்த நாலு ஆண்டில் அதை 15 முறை காப்பாற்றினார், பெரும்பாலும் மான்செஸ்டரிலேயே. போஸ்டரில் 'உலக சாம்பியன்' என்று போட்டிருக்கும், 20 ஆயிரம் பேர் வருவார்கள், பாடுவார்கள். தொழில் தெரிந்தவர்கள் அதை உலகப் பட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிராளிகளில் சிலர் நல்லவர்கள். வட அயர்லாந்தின் ஈமன் மகீ 2002-இல் முதல் ரவுண்டிலேயே ஹேட்டனைக் கீழே விழ வைத்தார். அமெரிக்காவின் வின்ஸ் பிலிப்ஸ், கானாவின் பென் டாக்கி இருவரும் 12 ரவுண்ட் இழுத்தடித்தார்கள். மற்றவர்களில் சிலர் ஆள் நிரப்ப வந்தவர்கள். அந்த நாலாண்டு ஹேட்டனின் கணக்கு நீண்டது, பணம் வந்தது, கூட்டம் வளர்ந்தது. 'எப்போது நிஜமான ஆளோடு மோதுவாய்?' என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. அதற்காக ஹேட்டனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஊரில் அரங்கு நிறைந்துகொண்டிருக்கும்போது அவசரப்பட எந்த புரமோட்டருக்கும் மனம் வராது.

அந்த நிஜமான ஆள் கோஸ்ட்யா ஜூ. ரஷ்யாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். 63.5 கிலோ பிரிவில் 2001-இல் பெரிய பெல்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்தவர். வலது கை விழுந்தால் விழுந்ததுதான். 2005 ஜூன் 5, மான்செஸ்டர். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகச் சண்டையை உள்ளூர் நேரம் நள்ளிரவு 2 மணிக்கு வைத்தார்கள். நம்மூரில் அப்போது காலை ஆறரை. 22 ஆயிரம் பேர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹேட்டன் கண்டுபிடித்த வழி புத்திசாலித்தனமானது என்று சொல்வதைவிட முரட்டுத்தனமானது என்று சொல்வதே சரி. வலது கைக்கு வேகம் எடுக்க இடம் வேண்டும், அந்த இடத்தையே கொடுக்கக் கூடாது. உள்ளே புகுந்து, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, தோளால் தள்ளி, கையைப் பிடித்து, விட்டு, விலாவில் குத்தி, திரும்ப ஒட்டுவது. ஒரு ரவுண்ட் இல்லை, பதினோரு ரவுண்ட். பெல்ட்டுக்குக் கீழே இரு பக்கமும் குத்து விழுந்தது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஆறாவது ரவுண்டுக்கு அப்புறம் ஜூவின் கால்களை மட்டும் பார்த்தால் புரியும். பின்வாங்கும்போது குதிகாலில் நிற்க ஆரம்பித்திருப்பார். 11-ஆவது ரவுண்ட் முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவரை அவருடைய பயிற்சியாளர் ஜானி லூயிஸ் எழ விடவில்லை. மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டைகளிலும் ஹேட்டன் முன்னால் இருந்தார். ஐ.பி.எஃப். பட்டம் கைமாறியது.

கணக்கில் அன்று ஏறியது ஒரே ஓர் எண். ஆனால் அதற்கு முன்பிருந்த முப்பத்தெட்டுக்கும் அது ஒன்றே ஈடு. எந்த வீரரின் கணக்கிலும் இப்படி ஒரு வரியைத் தேடுங்கள். ஆபத்தான ஆளை, அவர் ஆபத்தாக இருக்கும்போதே சந்தித்த ஒரு வரி. அது இல்லாமலேயே 40–0 போனவர்களும் இருக்கிறார்கள்.

எடை, அப்புறம் நடுவர் அட்டை

குத்துச்சண்டையில் வழக்கமான எடைப் பிரிவுகள் 17. ஹேட்டனின் இடம் லைட் வெல்டர்வெயிட், உச்ச வரம்பு 63.5 கிலோ. அடுத்த படி வெல்டர்வெயிட், 66.7 கிலோ. மூன்று கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். வரும். ஒட்டி நின்று தள்ளிச் சண்டை போடுகிறவருக்கு, எதிரே நிற்பவரின் எலும்பே பெரிதாக இருந்தால் தள்ள முடியாது.

2006 மே மாதம் ஹேட்டன் அமெரிக்காவின் பாஸ்டனில் லூயிஸ் கொலாசோ என்ற டபிள்யூ.பி.ஏ. வெல்டர்வெயிட் சாம்பியனோடு மோதினார். முதல் ரவுண்டின் முதல் சில நொடியிலேயே கொலாசோவை விழ வைத்தார். கணக்கில் அது பாயின்ட்ஸ் வெற்றி. நடுவர் அட்டைகள் 115–112, 115–112, 114–113. இதைப் பிரித்துப் பார்த்தால் மதிப்பெண் முறையே புரிந்துவிடும்.

ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. தோற்றவர் ஒரு முறை கீழே விழுந்திருந்தால் 8. 12 ரவுண்டில் ஹேட்டன் 7 ஜெயித்திருந்தால் 70, மீதி ஐந்தில் 45, ஆக 115. கொலாசோவுக்கு ஐந்தில் 50, தோற்ற ஏழில் 63, ஆக 113. முதல் ரவுண்டில் விழுந்ததற்கு ஒன்று கழித்தால் 112. இரண்டு நடுவர்கள் பார்த்தது இதுதான், ஏழுக்கு ஐந்து. மூன்றாமவர் கணக்கில் ரவுண்டுகள் ஆறுக்கு ஆறு. 114–114 ஆகியிருக்க வேண்டியது, விழுந்த அந்த ஒரு புள்ளியால் 114–113 ஆனது.

இப்போது ஒரு சின்ன விளையாட்டு. கொலாசோ அந்த முதல் நொடிகளில் விழாமல், முதல் ரவுண்டைக் கைப்பற்றியிருந்தால்? இரண்டு அட்டைகள் 114–114. மூன்றாவது 115–113 என்று கொலாசோ பக்கம். சண்டை சமன், பட்டம் கொலாசோவிடமே இருந்திருக்கும். கால் நிமிடத்துக்குள் நடந்த ஒன்றுதான் மீதி 35 நிமிடத்தையும் தூக்கி நிறுத்தியது. அடுத்த சண்டைக்கு ஹேட்டன் பேசாமல் பழைய எடைக்குத் திரும்பிவிட்டார். கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. சண்டைக்குச் சண்டை எடை ஏறி இறங்குவதைப் பார்த்தால் தெரியும்.

எடை என்றதும் இன்னொன்று. சண்டை இல்லாத மாதங்களில் ஹேட்டன் சாப்பிடுவதும் குடிப்பதும் ஊருக்கே தெரியும். பப்பில் டார்ட்ஸ் ஆடுவார், வறுத்த காலைச் சாப்பாடு, கின்னஸ் பீர். சண்டை எடையைவிட 18 கிலோவுக்கு மேல்கூட ஏறிவிடுவார். 'ரிக்கி ஃபேட்டன்' என்று கேலிப் பெயர். அவரே ஒருமுறை தொப்பை வைத்துத் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு ரிங்குக்கு வந்தார். நம் பக்கத்து வீட்டுப் பையன் என்று அவரை மான்செஸ்டர் கொண்டாடியதற்கு இதுவும் காரணம். ஏற்றிய எடையைச் சில வாரங்களில் உருக்கி எடுப்பது, அதையே ஆண்டுக்கு இரண்டு முறை செய்வது, உடம்பிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கும். அதைக் காட்ட எந்தக் கணக்கிலும் இடமில்லை.

பூஜ்யத்தின் விலை

2007 ஜூனில் லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் ஹோசே லூயிஸ் காஸ்டியோவை நாலாவது ரவுண்டில் ஹேட்டன் முடித்தார். அவருடைய கையெழுத்து என்று சொல்லத்தக்க குத்து அதுதான். இடது ஹூக், அதாவது கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து, எதிராளியின் வலது விலாவின் அடி ஓரத்தில். அங்கேதான் கல்லீரல் இருக்கிறது. தாடையில் அடி பட்டால் நினைவு தப்பும். கல்லீரலில் பட்டால் நினைவு தெளிவாக இருக்கும், உடம்பு மட்டும் கேட்காது. அடிபட்டு ஒரு நொடி ஒன்றும் ஆகாது. அப்புறம் மூச்சு நின்று கால் மடங்கும். காஸ்டியோ அடி வாங்கித் திரும்பி இரண்டடி நடந்து மண்டியிட்டார். பத்து எண்ணும்வரை எழ முடியவில்லை. அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. ஃபிளாய்ட் மேவெதரை 12 ரவுண்ட் திணற அடித்தவர்.

அதற்கடுத்து அந்த மேவெதரே. 2007 டிசம்பர் 8, லாஸ் வேகாஸ். மேவெதர் 38–0, ஹேட்டன் 43–0. தோல்விப் பக்கம் பூஜ்யம் இருப்பதற்குச் சந்தையில் தனி விலை உண்டு. டிக்கெட் விற்கும், டிவி விற்கும், அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேச உதவும். அதனால்தான் வளரும் வீரரின் பூஜ்யத்தை மேலாளர்கள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் காப்பாற்றுகிறார்கள். இரண்டு பூஜ்யங்கள் மோதினால் ஒன்று உடைந்தாக வேண்டும், விளம்பரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 30 ஆயிரம் பேருக்கு மேல் பிரிட்டனிலிருந்து விமானம் ஏறினார்கள் என்று அப்போது எழுதினார்கள். அரங்கின் மொத்த இருக்கையே அதில் பாதிதான். உள்ளே போக முடியாதவர்கள் கசினோ வராந்தாக்களில் ஹேட்டன் பெயரைப் பாடிக்கொண்டே திரிந்தார்கள்.

சண்டை வெல்டர்வெயிட் எடையில். மேலே கொலாசோ கதையைப் படித்தவருக்கு இதற்குள் வயிற்றைக் கலக்க வேண்டும். முதல் சில ரவுண்ட் ஹேட்டன் நன்றாகவே துரத்தினார். ஹேட்டன் ஒட்டிப் பிடித்தவுடன் நடுவர் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார், ஒட்டி நிற்பதே ஹேட்டனின் பிழைப்பு. ஆறாவது ரவுண்டில் அவரிடமிருந்து ஒரு புள்ளி கழிக்கப்பட்டது. கோபத்தில் காவல் தளர்ந்தது. பத்தாவது ரவுண்டில் ஹேட்டன் பாய்ந்து உள்ளே வர, மேவெதர் இடது காலை ஊன்றி உடம்பைக் கதவு மாதிரித் திருப்பி, திரும்பும்போதே இடது ஹூக்கை விட்டார். செக் ஹூக் என்பது இதற்குப் பெயர். வருகிறவரின் வேகமே அவருக்கு எதிரி. ஹேட்டனின் தலை நேராக மூலைக் கம்பத்தின் மெத்தையில் மோதியது, விழுந்தார். எழுந்து நின்றவரை இன்னும் சில குத்தில் மேவெதர் முடித்தார். சண்டையை நிறுத்தச் சொல்லி, மூலையிலிருந்து ஹேட்டனின் பயிற்சியாளர் பில்லி கிரஹாம் துண்டை எறிந்தார்.

43–1. இந்த ஒன்று அவமானமா? அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வீரரிடம், தனக்குப் பொருந்தாத எடையில், வெளிநாட்டில் வாங்கிய தோல்வி. சிலருடைய முப்பது வெற்றியைவிட இதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஐந்தே மாதத்தில், 2008 மே மாதம், மான்செஸ்டர் சிட்டி கால்பந்து மைதானத்தில் ஹுவான் லஸ்கானோவோடு மோதியபோது 55 ஆயிரம் பேர் அளவுக்கு வந்திருந்தார்கள்.

இரண்டாவது தோல்வி வேறு வகை. 2009 மே 2, பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ். சொந்த எடையில், 63.5 கிலோவில். முதல் ரவுண்டில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது ரவுண்ட் முடியச் சில நொடி இருக்கும்போது இடது கை ஒன்று தாடையில் இறங்கியது. அசைவில்லாமல் மல்லாந்து கிடந்ததைப் பார்த்த நினைவு எனக்கு இன்னும் இருக்கிறது. மேவெதரிடம் தோற்றதற்குச் சொன்ன காரணம் எதுவும் இங்கே எடுபடாது. கணக்கில் இரண்டும் ஒரே மாதிரி '1' தான். முதலாவது, இந்த ஆளுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொன்னது. இரண்டாவது, இந்த ஆள் தேய்ந்துவிட்டார் என்று சொன்னது.

அதற்கு அப்புறம் மூன்றாண்டுக்கு மேல் சண்டையே இல்லை. மன அழுத்தம், குடி, போதை. 2010-இல் போதைப்பொருள் விவகாரத்தில் வாரியம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. அந்த நாட்களில் சாக நினைத்ததைப் பற்றிப் பின்னாளில் ஹேட்டன் வெளிப்படையாகவே பேசினார். ஒரு வீரரின் கணக்கில் தேதிகளுக்கு நடுவே இப்படிப் பெரிய இடைவெளி தெரிந்தால், அங்கே ஒரு கதை இருக்கும். காயம், வழக்கு, ஒப்பந்தச் சண்டை, இல்லையென்றால் இதுபோல ஏதாவது.

2012 நவம்பர் 24. மான்செஸ்டர் அரங்கு. எதிராளி யார் என்று அறிவிப்பதற்கு முன்பே டிக்கெட் தீர்ந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து வருகிறவருக்கு மேலாளர்கள் பொதுவாக ஒரு பக்லியைத்தான் தேடுவார்கள், துரு உதிர்க்க. ஹேட்டன் கேட்டது நிஜமான ஆளை. உக்ரைனின் வியாசெஸ்லாவ் சென்சென்கோ, அதற்குச் சில மாதம் முன்புவரை வெல்டர்வெயிட்டில் டபிள்யூ.பி.ஏ. பட்டம் வைத்திருந்தவர். எடையை இறக்கி, உடம்பைச் சரிசெய்து, ஆரம்ப ரவுண்டுகளில் பழைய ஹேட்டன் மாதிரியே இருந்தார். அப்புறம் கை கனத்தது, குத்துகள் இலக்கைத் தாண்டிப் போயின. ஒன்பதாவது ரவுண்டில் சென்சென்கோவின் இடது ஹூக் விலாவின் அடி ஓரத்தில் இறங்கியது. ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கால் மடங்கியது. காஸ்டியோவுக்கு ஹேட்டன் கொடுத்த அதே குத்து, அதே இடம். பத்து எண்ணி முடித்தார்கள். அன்றைக்கே ஓய்வை அறிவித்தார்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் அதே அரங்கில் மெக்சிகோவின் மார்க்கோ அன்டோனியோ பரேராவோடு ஹேட்டன் ரிங்கில் ஏறினார். அது கண்காட்சிச் சண்டை. வெற்றி தோல்வி கிடையாது, கணக்கிலும் சேராது. 2025 டிசம்பரில் துபாயில் திரும்பவும் முறையான ஒரு சண்டைக்கு நாள் குறித்திருந்தார்கள், 47 வயதில். அதற்கு முன்பே, செப்டம்பர் 14 அன்று ஹைட் ஊரில் தன் வீட்டில் அவர் இறந்துபோனார். அக்டோபரில் மான்செஸ்டர் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. அங்கிருந்து ஊர்வலம் 2008-இல் அவர் சண்டை போட்ட அந்தக் கால்பந்து மைதானத்துக்குப் போனது. கணக்கு 2012-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, 45–3 (32).